திட்டச் சொல்லி ஒரு விண்ணப்பம்

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நீ டாக்டர் இல்லை, மனநல ஆலோசகர்தான், அதுவும் இன்னும் பட்டம் கைக்கு வரவில்லை என்று இந்த வரியிலேயே திருத்த ஆரம்பித்திருப்பாய். தெரிந்தேதான் எழுதினேன். திருத்திக்கொண்டே படி. இங்கே நானும் மகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மனசுக்கு என்ன என்பதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். நம்பாமல் வேறென்ன செய்ய?

போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நான் ஏதாவது ஆரம்பித்தால் நீ இப்போதெல்லாம் அமைதியாக "ம்" என்கிறாய். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ எல்லாத்தையும் தனியா சமாளிக்கிற மாதிரி இருக்கு உங்களுக்கு, இல்லையா?" என்கிறாய். உடனே எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. ஆமாம், தனியாகத்தானே சமாளிக்கிறேன் என்று புலம்ப ஆரம்பித்துவிடுகிறேன். கடிதத்தில் உன்னால் "ம்" போட முடியாது. வேறு வழியில்லாமல் கடைசிவரை கேட்டுத்தான் ஆகவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. படிப்பை இத்தோடு நிறுத்திவிட்டு வீட்டுக்கே வந்துவிடுகிறேன், விண்ணப்பம்கூட எழுதி வைத்துவிட்டேன், மாதக் கடைசியில் துறை அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன் என்றாய். "அடுத்தவங்க பிள்ளைங்களை உக்கார வெச்சுப் பேச வைக்கிறேன். நான் பெத்தது எங்கிட்ட ஒரு ஹலோ சொல்ல மாட்டேங்குது. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் இந்தப் படிப்பப் படிக்கிறது?" என்று அழுதாய். நான் பதில் பேசவில்லை. பக்கத்து அறையில் மகள் இருந்தாள். அவளுக்குக் கேட்கும் என்று பேசாமல் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும், அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் வேலைச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதையோ மறைக்கிறேன் என்று நினைப்பாய். டிரைவிங் ஸ்கூல் நன்றாக ஓடுகிறது. புதிதாக ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி சேர்ந்திருக்கிறார். இடது பக்கம் திரும்பச் சொன்னால் வைப்பரைப் போடுகிறார், வலது பக்கம் என்றால் கண்ணாடியில் தண்ணீர் அடிக்கிறார். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. என் அக்கா வழக்கம்போல வாரம் ஒரு தடவை வந்து, "எல்லாரும் பொண்டாட்டியோட நகைக்குச் செலவு பண்ணுவாங்க, நீ பொண்டாட்டி படிப்புக்குச் செலவு பண்றே" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, வீடு பெருக்கிவிட்டுப் போகிறாள். திட்டினாலும் பெருக்குகிறாளே என்று நான் வாயைத் திறப்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த கெமிஸ்ட்ரி பரீட்சை நடந்த நாளைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். மகள் பரீட்சைக்கு வரவில்லை என்று பள்ளியிலிருந்து போன் வந்தபோது நான் ஒரு பெண்ணுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளை அப்படியே இறக்கிவிட்டு ஓடினேன். நம் மகள் நூலகத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில், பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்தப் பஸ்ஸிலும் ஏறவில்லை, இறங்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். ஆனால் நீ படிக்கக் கிளம்பும்போது, "அவ எது செஞ்சாலும் எடுத்ததும் கத்தாதீங்க. மொதல்ல கேளுங்க" என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாயே. பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். உன்னைப் போலவே குரலை இறக்கி, "இப்ப உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்களுக்கு என்னப்பா ஆச்சு?" என்றாள். அதோடு என் ஆலோசனை முடிந்தது.

அன்று மாலை அவளே உனக்குப் போன் செய்தாள். பரீட்சைக்குப் போகவில்லை என்று சொன்னாள். நீ என்ன பதில் சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "அங்க போக முடியாத அளவுக்கு உனக்குள்ள ஏதோ நடந்திருக்கு போல. அந்த நேரம் எப்படி இருந்துச்சுன்னு சொல்றியா?" என்றாய். எனக்கு ஸ்பீக்கரில் கேட்டது. என்ன பக்குவம், என்ன நிதானம் என்று நானே அசந்துபோனேன். அவள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு உன்னோடு பேசவில்லை. நீயும் நானும் அவளுக்கு உன்மேல் கோபம், விட்டுவிட்டுப் போன கோபம் என்று நினைத்துக்கொண்டோம்.

இந்த வியாழக்கிழமை அவளைப் பள்ளியில் விடப் போனேன். நம் டிரைவிங் ஸ்கூல் கார்தான். கூரையில் பலகை, மூன்று பக்கமும் நம் கடையின் பெயர், போன் நம்பர் எல்லாம் எழுதிய அந்தக் காரில் வருவதற்கு அவளுக்கு எப்போதும் கூச்சம். தலையைக் குனிந்துகொண்டு, நான் சொல்லிக்கொடுக்கும்போது உட்காருகிற வாத்தியார் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு நல்ல செய்தி சொல்வதாக நினைத்து, "அம்மா படிப்ப விட்டுட்டு வரப்போறாங்க. இனிமே இங்கதான் இருப்பாங்க" என்றேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், பழகுகிறவர்கள் தடுமாறினால் நான் மிதிப்பதற்கென்று அங்கே காலடியில் வைத்த வாத்தியார் பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டாள். கார் நடுச்சாலையில் துள்ளி நின்றது. என் நெற்றி ஸ்டீயரிங்கில் இடிக்காதது அதிர்ஷ்டம். பின்னால் ஹார்ன் மேல் ஹார்ன். ஒரு டாக்சிக்காரர் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டி, "ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற ஆளே இப்படி நிறுத்தினா நாங்க எங்க போறது?" என்றார். அவரிடம் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டு, காரை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அப்புறம்தான் அவள் பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ அதை உன் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டாம். "வரச் சொல்லாதீங்கப்பா. அவங்க வந்தா அது என்னாலதான்னு ஆயிடும். நாப்பது வயசுக்கு மேல ஆசப்பட்டுப் படிக்கப் போனவங்களை நான் திரும்பி வரவெச்சேன்னு வாழ்க்கை முழுக்க நான் தூக்கிக்கிட்டுத் திரியணும்" என்றாள். அப்படியானால் ஏனம்மா பேச மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன். அழ ஆரம்பித்துவிட்டாள். "பரீட்சைக்குப் போகலன்னா அம்மா போன்ல காது கிழியக் கத்துவாங்கன்னு நெனச்சேன். அதுக்காகத்தான் போகல. கத்தவே இல்லப்பா. நீங்களும் கத்தல. அம்மா என்னமோ அடுத்த ஆளு வெளிய நாற்காலியில காத்திருக்கிற மாதிரி அவ்வளவு நல்லா பேசுறாங்க. நான் அவங்களுக்கு யாரு? எனக்கு ஒரு திட்டு வேணும். அவ்வளவுதான்" என்றாள்.

இதைக் கேட்டுவிட்டு நான் சிரித்தேன், சிரித்த மறுநொடியே எனக்கும் கண் கலங்கிவிட்டது. நீ இருந்த காலத்தில் இந்த வீட்டில் ஒரு நாளாவது அவளைத் திட்டாமல் விடிந்திருக்கிறதா? தலைமுடிக்கு ஒரு திட்டு, தட்டில் மிச்சம் வைத்தால் ஒரு திட்டு, சும்மா கதவருகே நின்றாலும் ஒரு திட்டு. நீ கிளம்பிய நாளிலிருந்து அவளை இரண்டு பேரும் பூப்போலக் கையாள்கிறோம். பிள்ளைக்குத் தான் விருந்தாளி என்று தோன்றிவிட்டது.

நீ செய்தது தப்பு என்று சொல்லவில்லை, அப்படிப் படித்துவிடாதே. உன் மேற்பார்வையாளர் அம்மா முதல் வகுப்பிலேயே, "உங்க வீட்டு மனுஷங்க உங்க பயிற்சிக்கு வந்தவங்க இல்ல" என்று சொன்னதாக நீதானே சிரித்துக்கொண்டே சொன்னாய். அப்போது என் அக்கா, "எங்க வீட்டுக்காரர் முறைச்சுக்கிட்டே இருக்கார், நீ கொஞ்சம் கவுன்சலிங் குடு" என்று உன்னைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த விதி அக்கா வீட்டு மாமாவிடமிருந்து உன்னைக் காப்பாற்ற வந்த விதி என்றுதான் நாம் இரண்டு பேரும் நினைத்தோம். நம் மகளுக்காகவும்தான் என்று நமக்கு உறைக்கவில்லை. நாள் முழுக்க இரண்டு நாற்காலி போட்ட அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் பதிவுசெய்து, அதைத் திரும்பக் கேட்டு எழுதி, எங்கே அவசரப்பட்டோம், எங்கே ஆறுதல் சொல்லிக் கெடுத்தோம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு, போனை எடுத்ததும் சட்டென்று பழைய குரல் வந்துவிடுமா? நானே கடையை விட்டு வந்தபிறகும் வீட்டில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகையால் அந்த விண்ணப்பத்தைக் கொடுக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன். ஆஸ்பத்திரி பதிவு மேஜையில் நீ வேலை பார்த்தபோது, சீட்டு வாங்க வந்தவர்கள் உன்னிடம் ஏன் அழுதார்கள் என்று நீயே வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாய். அதற்குப் பதில் தேடித்தான் போனாய். இன்னும் ஒரே ஒரு செமஸ்டர். யாரைப் பார்க்கிறாய், என்ன பேசினார்கள் என்று கேட்டால் நீ வாயைத் திறக்க மாட்டாய், நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் நீ அடுத்த வாரமும் இருப்பாய் என்று நம்பித்தானே போகிறார்கள்.

பள்ளிக்குப் போய்ப் பேசிவிட்டேன். மறுபரீட்சை எழுதவிடுவார்களாம். அங்கேயும் ஒரு ஆலோசகர் இருக்கிறார், மெல்லிய குரல், நல்ல மனுஷி. அவரிடம் போகிறேன் என்று இவளே ஒத்துக்கொண்டாள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கிற வேலையை அவர் பார்த்துக்கொள்ளட்டும். அந்த வேலைக்கு ஆள் கிடைத்துவிட்டது. உன் வேலைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. நான் முயற்சி செய்து பார்த்தேன், நேற்று வேண்டுமென்றே ஒரு அதட்டல் போட்டேன். "அப்பா, இது வங்கி அங்கிளுக்குப் போடற அதட்டல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

திட்டுவதற்கு விஷயம் வேண்டுமே என்று கவலைப்படாதே. ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிறாள். டீ குடித்த டம்ளர்களைக் கட்டிலுக்கு அடியில் சேர்த்து வைத்திருக்கிறாள், ஒன்றில் பூஞ்சை பூத்திருந்தது. நெற்றி முடியைக் கத்தரிக்கோலால் தானே வெட்டிக்கொண்டு, ஒரு பக்கம் ஏற்றமும் ஒரு பக்கம் இறக்கமுமாகத் திரிகிறாள். உன் நீல ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு கையில் மை கொட்டிவிட்டாள். துவைக்கக் கேட்டால் தர மாட்டேன் என்கிறாள், அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள். கடைசியில் சொன்னதற்கு மட்டும் கொஞ்சம் குறைத்துத் திட்டு.

வா என்று எழுதத்தான் கை வருகிறது. இந்தக் காகிதத்தில் அதை எழுதிவிட்டால் நீ அடுத்த வண்டியைப் பிடித்துவிடுவாய் என்று தெரியும், அதனால் எழுதவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை அவள்தான் எடுப்பாள். எப்படி இருக்கே என்று கேட்காதே. நிதானமாக ஆரம்பிக்காதே. பரீட்சைக்குப் போகாமல் பஸ் நிறுத்தத்தில் என்னடி உனக்கு வேலை என்று எடுத்த எடுப்பில் பிடித்துக்கொள். அவள் அழுதால் நிறுத்திவிடாதே. அவள் எதிர்த்துப் பேசுகிறவரைக்கும் திட்டு. அவளைத் திட்டி முடித்ததும் போனை என் கையில் கொடுக்கச் சொல். நான் ஒன்றும் பேசமாட்டேன். என்னையும் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு அப்புறம் வை.

நல்லபடியாக முடித்துவிட்டு வரவேண்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்