நதியா பாதியில் எழுந்து போன படம்

வெள்ளிக்கிழமை, அல் கோபார், சவூதி

இன்றுதான் மனம் அடங்கியது. நேற்று ஹாஸ்டலில் அல்ஜீரிய விடுதலைப் போர் பற்றிய பழைய படம் ஒன்றை லேப்டாப்பில் போட்டேன். எங்கள் வார்டு நர்ஸ் நதியா அல்ஜீரியாக்காரி. அவள் ஊர்க் கதையாயிற்றே என்று நான்தான் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பிரெஞ்சுச் சிப்பாய்கள் ஒரு சந்துக்குள் நுழையும் இடத்தில் சட்டென்று எழுந்து போய்விட்டாள். அந்தப் போரில் தன் தாத்தா இறந்ததாக அவள் எப்போதோ சொன்னது அப்புறம்தான் எனக்கு நினைவு வந்தது.

"ஏம்ட்டி, இதயா அவளுக்குப் போட்டுக் காட்டுவ?" என்று என் அறைத்தோழி ஜெசி கடிந்துகொண்டாள்.

இன்று டியூட்டி முடிந்ததும் மன்னிப்புக் கேட்கலாம் என்று நதியாவின் கதவைத் தட்டினேன். அவளோ என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"அது எங்க சந்து. அம்மாகிட்ட உடனே சொல்லணும்னுதான் ஓடினேன். அவங்களும் பார்க்கணுமாம்."

வீடியோ காலில் அம்மாவையும் வைத்துக்கொண்டு மூவரும் மீதியைப் பார்த்தோம். சிப்பாய்கள் ஒரு வீட்டை உடைத்து நுழைந்தபோது அம்மா அரபியில் வேகமாக ஏதோ சொன்னார். நதியா சிரித்தாள்.

"படத்துல தப்பாம். நிஜத்துல எங்க வீட்டுக் கதவ அந்தச் சிப்பாய்களால உடைக்கவே முடியலையாம்."

இனித் தூங்கலாம்.