கடிகாரத்தடியில் ஒரு செவ்வாய்க்கிழமை

மிலான்
14 ஆகஸ்ட் 1996, புதன்

ப்ரானி,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை. நேற்றுப் பகல் பன்னிரண்டு மணியிலிருந்து ஏழு மணிவரை மிலான் ரயில் நிலையத்தில், நாம் பேசி வைத்த கடிகாரத்தடியில், முதுகுப்பையின் மேல் உட்கார்ந்திருந்தேன். ஏழு மணி நேரம்! வியன்னாவில் என்ன சொன்னாய்? “நீ புடாபெஸ்ட் போயிட்டு வா, நான் உப்புச் சுரங்கம் பாத்துட்டு வரேன். செவ்வாக்கிழமை மிலான்ல கடிகாரத்தடியில பாப்போம்.” சொன்னது நீதானே?

கனம் குறையட்டும் என்று பயணப் புத்தகத்தைக் கிழித்துப் பங்கு போட்டோமே, இத்தாலிப் பக்கங்கள் எல்லாம் உன் பையில். மலிவு விடுதி எங்கே என்று தெரியாமல் தெருத்தெருவாக அலைந்தேன். நாளை ஏதோ பண்டிகையாம். பாதிக் கடைகள் இன்றே பூட்டிவிட்டார்கள்.

உனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து மெல்பனில் இருக்கும் உன் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். “இப்பத்தான் பேசினா. உன்னைக் காணலியாம், ஃப்ளாரன்ஸ் போறாளாம். என்னங்கடி, சண்டையா?” என்கிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்!

மூன்றாம் வகுப்பிலிருந்து உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனவள் நான். செப்டம்பரில் ஹாலந்தில், லைடன் பல்கலைக்கழகத்தில் பாடம் தொடங்கும்முன் ஐந்து வாரம் ஐரோப்பா சுற்றலாம் என்றதும் நான். என்னையா விட்டுவிட்டுப் போகிறாய்? ஃப்ளாரன்ஸ் தபால் நிலையத்துக்கு இந்தக் கடிதம்தான் வரும், நான் வரப்போவதில்லை. நேரே நீஸ் போகிறேன். பதில் சொல்ல முகம் இருந்தால் அங்கே பெரிய தபால் நிலையத்துக்கு எழுது.

நெரிடா

ஃப்ளாரன்ஸ்
19 ஆகஸ்ட்

அன்புள்ள நெரிடா,

நான் ‘அன்புள்ள’ போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

நானும் வந்தேன். நானும் நின்றேன். தப்பு எங்கே தெரியுமா? நம் ஊரில் கடிகாரத்தடி என்றால் ஃப்ளிண்டர்ஸ் தெரு நிலையத்து வாசற்படிதான். பிறந்த குழந்தைக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தில் மிலானிலும் ஒரு கடிகாரத்தடி இருக்கும் என்று நாம் இரண்டு பேரும் நினைத்துவிட்டோம். நிலையத்து விசாரணைக் கவுண்டரில் இருந்த ஆளிடம் கேட்டேன். “எந்தக் கடிகாரம்மா? நிமிந்து பாரு, நாலு பக்கமும் கடிகாரந்தான்!” என்று சிரித்தான். நான் டாக்சி நிற்கும் பக்கம் இருந்தேன். நீ மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு மகாராணி மாதிரி ரயில் மேடைப் பக்கம் உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்ய?

என்ன ஏது என்று கேட்காமலே திட்டி எழுதிவிட்டாய். அது உனக்குக் கைவந்த கலை. இத்தாலிப் பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். இத்தாலியை விட்டே நீ போய்விட்டாய். இருந்தாலும் என்மேல் பழி வேண்டாம்.

27 வரை இங்கேதான் இருப்பேன்.

ப்ரானி

நீஸ்
22 ஆகஸ்ட்

என் அன்பு ப்ரானி,

படித்துவிட்டுக் கடற்கரையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அசல் மெல்பன் அசடுகள் நாம்! சரி போ, மன்னித்தேன்.

இனி நான் சொல்கிறபடி செய். 31ஆம் தேதி சனிக்கிழமை பாரிசுக்கு வந்துவிடு. உனக்கும் சேர்த்து விடுதியில் கட்டில் சொல்லிவிட்டேன். லைடன் விடுதிக்கான படிவமும் அனுப்பியாகிவிட்டது. இருவருக்கும் ஒரே அறை, ஜன்னலோரக் கட்டில் எனக்கு. நீதான் எங்கே படுத்தாலும் தூங்குவாயே. உன் கையெழுத்தையும் நானே போட்டேன், நமக்குள் என்ன!

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்த மஞ்சள் தொப்பியை நான் வாங்கியதே அன்று காலை, மிலான் நிலையத்து வாசலில். என் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, திரும்பத் திரும்ப யோசித்துவிட்டேன். உனக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னார்களா? பாரிஸ் தபால் நிலையத்துக்குப் பதில் போடு.

உன் நெரிடா

ஃப்ளாரன்ஸ்
27 ஆகஸ்ட்

நெரிடா,

யாரும் சொல்லவில்லை. நான் பார்த்தேன்.

ஒரு மணிக்கு உன்னைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தேன். மேடைப் பக்கத்துக் கடிகாரத்தடியில் நீ இருந்தாய். ஒரு பீச் பழத்தைத் தின்றுகொண்டிருந்தாய். இன்னொன்று மடியில் இருந்தது. அது எனக்கு என்று தெரிந்தது. தெரிந்தும் தூணுக்குப் பின்னால் நின்றேன், பத்து நிமிடம் இருக்கும். பிறகு வந்த வழியே போய்விட்டேன். உனக்குப் பொய் எழுதினேன்.

ஏன் என்று கேட்பாய். உப்புச் சுரங்கத்துக்கு அருகே ஒரு ரொட்டிக் கடையில், கடைக்காரம்மா “உனக்கு என்ன வேணும்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து வியன்னாவரை எந்தக் கடையிலும் “அவளுக்கும் அதேதான்” என்று நீதான் சொன்னாய். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். அந்த அம்மாள் முன்னால் இருபது வயதில் திருதிருவென்று விழித்தேனே, எனக்கு ஆத்திரம் பொங்கியது. உன்மேல்தான்.

ஏழு மணி நேரம் நீ காத்திருப்பாய் என்று நினைக்கவில்லை. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். என் கையெழுத்தை நீ போட்டதற்கு நீ என்னிடம் கேட்க வேண்டும். “நமக்குள் என்ன” என்றாயே, எனக்கென்று ஒரு முழுப்பெயர் இருக்கிறது!

சனிக்கிழமை வரமாட்டேன். அடுத்த வாரம் தனியாகப் பாரிஸ் வருவேன். எட்டாம் தேதி ஞாயிறு லைடன் வருவேன். அந்த அறைக்கு வரமாட்டேன்.

ப்ரான்வின்

லைடன்
4 செப்டம்பர்

ப்ரான்வின்,

இரண்டாவது பழமும் எனக்கு வாங்கியதுதான். உனக்கென்று நினைத்துப் பெருமைப்பட வேண்டாம்.

தூணுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தாயே, வந்து முகத்துக்கு நேரே திட்டியிருக்கக் கூடாதா? நான் போலீசுக்காரனிடம் உன் புகைப்படத்தைக் காட்டி அழுதிருக்கிறேன். இதை நான் லேசில் மறக்கமாட்டேன். மறக்கச் சொல்லி நீயும் கேட்காதே.

நேற்று விடுதி அலுவலகத்துக்குப் போனேன். அந்தக் கையெழுத்து உன்னுடையது இல்லை, நான் போட்டது என்று சொன்னேன். அங்கிருந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். நன்றாகத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, “சரி, உன் தோழிக்கு எந்த மாதிரி அறை வேணும்?” என்று கேட்டார்.

வாய் வரை வந்துவிட்டது, உனக்கு வெயில் வரும் அறைதான் பிடிக்கும் என்று. “எனக்குத் தெரியாதுங்க. ஞாயித்துக்கிழமை வரா. அவளையே கேளுங்க” என்றேன்.

லைடன் நிலையத்திலும் கடிகாரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே நிற்கமாட்டேன், தேடாதே. என் பங்கிலிருந்து ஹாலந்துப் பக்கங்களைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கு வழி தெரியாது என்று அனுப்பவில்லை. என் பையில் கனமாக இருந்தது, அவ்வளவுதான்.

நெரிடா