அத்தானுக்கு நான் மாட்டிவிட்ட ஷூ

பம்பாய், 20 ஜனவரி 1964, திங்கள்

ஜெயசீலி அக்கா,

அத்தானுக்கு வைத்த கஞ்சியில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். வெந்நீர் ஊற்றிக் கொடு.

நேற்று மாரத்தானில் வெறுங்காலோடு ஓடுகிறேன் என்றுதான் அவர் சொன்னார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்று என் கான்வாஸ் ஷூவை மாட்டிவிட்டது நான்தான். வொர்லியில் கொப்புளம் உடைந்து உட்கார்ந்துவிட்டார்.

"நீ ஓடுல மாப்ள, நா வாரேன்" என்றார்.

நான் ஓடிவிட்டேன். கடைசிவரை ஓடினேன்.

"ஒனக்கு வெக்கம்னா, அதுக்கு அவரு காலு என்னல செய்யும்?" என்று நீ கேட்டாய்.

புண்ணோடு தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினால் கால் வெந்துவிடும். இறங்காவிட்டால் தோல் ஷாப் மேஸ்திரி வேறு ஆளைச் சேர்த்துவிடுவார்.

ராத்திரி வகுப்புக்குப் போகிறேன்.

மிக்கேல்

களிம்பு ஜன்னலில் இருக்கிறது. அவராகத் தடவ மாட்டார், நீ தடவு.

ஆபீசில் லீவு சொல்லிவிட்டேன். நாளைக் காலை அவருக்குப் பதிலாகத் தொட்டியில் நான் இறங்குகிறேன்.