அறுபது கிலோவுக்குள் அடங்காத தம்பிக்கு

என் ஏழுமலைக்கு,

கடைத்தெருவில் உன்னை ஃப்ளெக்ஸில் நிறுத்தி வைத்திருந்தார்கள். 'கபடி வீரர் ஏழுமலை முதலாம் ஆண்டு நினைவுக் கோப்பை' என்று மேலே பெரிய எழுத்து. சுற்றிலும் நன்கொடை கொடுத்தவர்களின் முகங்கள். அவ்வளவு முகங்களுக்கு நடுவே உன்னை நுழைக்க இடம் போதாமல் ஃப்ளெக்ஸ்காரன் உன் படத்தை இரண்டு பக்கமும் நெருக்கிவிட்டான். ஒல்லியாக நின்றாய். பட்டினி கிடந்தும் உனக்கு வராத உடம்பு அது. அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இது நம்ம புள்ள இல்ல" என்று நடந்துவிட்டாள். எனக்கு அங்கேயே அழுகை வந்தது. அழுகையைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

நம் சண்டை ஞாபகம் இருக்கிறதா? கபடிக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு அடித்துக்கொள்வோமே. எதிராளி பக்கம் பாடிப் போகிறவன் பெரிய உடம்புக்காரனாக இருக்க வேண்டும் என்பது உன் கட்சி. மூன்று பேர் காலைக் கட்டிக்கொண்டாலும் அத்தனை பேரையும் இழுத்துவந்து நடுக்கோட்டில் கை வைக்க வேண்டும் என்பாய். கட்டவே விடாமல், தொட்டதும் ஓடிவந்துவிடுகிற வேகக்காரன்தான் வேண்டும் என்பது என் கட்சி. "ஓட்றவனுக்கு ஒருநாளு காலு வழுக்கும்க்கா. ஒடம்பு வழுக்காது" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு கேட்பாய்.

அந்த உடம்பைத்தான் கடைசியில் கரைக்கப் பார்த்தாய். நம் பக்கத்துப் போட்டிகள் எல்லாம் எடைப் போட்டிகளாகிவிட்டன. அறுபது கிலோவுக்கு மேல் இருந்தால் களத்தில் இறங்க முடியாது. பெரிய ஆள் என்றுதான் உன்னை அணியில் சேர்த்தார்கள். பெரிய ஆளாக இருக்கிறாய் என்று உன்னையே இளைக்கவும் சொன்னார்கள். இந்தக் கிறுக்குத்தனம் உங்கள் ஏழு பேரில் ஒருத்தனுக்குக்கூடவா உறைக்கவில்லை? தட்டைத் தள்ளினாய். தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினாய். நான் திட்டினால், மேட்ச் முடியட்டும், பானையோடு தின்கிறேன் என்று சிரித்தாய்.

அந்த மார்கழிக் காலையை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்திருக்காது. வேர்த்து எடை இறங்கட்டும் என்று இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு. மூங்கில்துறைப்பட்டு ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்திருக்கிறாய். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டர்கள் உன்னைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. ஒருத்தரும் உன்மேல் ஏற்றவில்லை. பார்த்து, பதமாக ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போனார்கள். குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறான் என்று நினைத்தார்களாம். சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவனடா நீ. கரும்பு வெட்டப் போன ஒரு பெண் உன்னைப் புரட்டிப் பார்த்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பையன் கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தான்? அம்மா என்னைப் பார்த்தாள், நான் உங்கள் கேப்டன் தண்டபாணியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் நீ போய்விட்டாய்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், கேள். உன் இடத்துக்கு ஆள் வேண்டும் என்று டீக்கடையில் நம் பழைய சண்டை மறுபடியும் நடந்தது. வடக்கனந்தல் பையன் பிரபு போதும், கையில் சிக்காமல் ஓடிவருகிறான் என்று பாதிப் பேர். ஏழுமலை இடத்தில் உடம்புதான் நிற்க வேண்டும் என்று மீதிப் பேர். பிரபுவையும் சேர்த்துக்கொண்டு, உன் இடத்துக்கென்று வெள்ளிமலைக்குப் போய் கோவிந்தனைக் கூட்டிவந்தான் தண்டபாணி. மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். நம் வீட்டு நிலைப்படியில் அவன் குனிந்து நுழைந்தபோது அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நீ அப்படித்தானே நுழைவாய்.

தண்டபாணியின் மோட்டார் கொட்டகையில் அவனுக்குப் படுக்கை; சாப்பாடு நம் வீட்டிலிருந்து. ஆரம்பத்தில் டிபன் கேரியர் வழித்துக் கழுவின மாதிரி வந்தது. அம்மாவுக்கு அதில் ஒரு சந்தோஷம், குழம்பில் காய் கொஞ்சம் அதிகமாகவே போட்டாள். அப்புறம் ஒருநாள் கேரியர் கனமாகத் திரும்பி வந்தது. திறந்தால் போட்ட சோறு போட்டபடி இருந்தது.

மறுநாள் விடிகிற நேரத்தில் அதே ரோட்டில் போய் நின்றேன். பனியில் ஆள் தெரியவில்லை. மழைக்கோட்டு உரசுகிற சத்தம் மட்டும் வந்தது. நீதான் வருகிறாய் என்று நினைத்தேனடா. கிட்டே வந்தபோது கோவிந்தன். உதடு வெடித்திருந்தது.

"தண்ணி குடிச்சியா?" என்றேன்.

"கொப்புளிச்சிக்கினேங்கக்கா. இன்னும் கொஞ்சந்தான் எறங்கணும்."

"இப்டி பண்ணச் சொல்லி யாரு சொன்னா?"

"ஏழுமலை அண்ணன் இப்டித்தான் பண்ணுவாருன்னு சொன்னாங்க."

உன்னைக் கொன்றதையே உன் கெட்டிக்காரத்தனமாக அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யாரைப் போய் அடிப்பது? கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துவந்தேன். வாசல் வரை வந்தான். சொம்பை நீட்டினால் வாங்க மாட்டேன் என்றுவிட்டான். எடை போட்டு முடிந்ததும் குடிக்கிறேன் என்று என்னையே கெஞ்சினான்.

அதனால் எடை போடுகிற இடத்துக்கே போனேன். உன் கோப்பைக்காக மைதானத்தில் பந்தல். அரிசி மண்டியிலிருந்து மேடைத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வெளியூர்ப் பையன்கள் காய்ந்த வாயோடு வரிசையில் நின்றிருந்தார்கள். உன் படத்துக்கு மாலை போட என்னை அழைத்தார்கள். போட்டேன். நேராகப் போய்த் தராசின்மேல் ஏறி நின்றுகொண்டேன்.

"எறங்குக்கா. வெளியூர் டீமெல்லாம் பாத்துக்கினு இருக்காங்க" என்றான் தண்டபாணி.

"பாக்கட்டும். என் தம்பி பேருல நடக்கற ஆட்டத்துல எவனையும் நிறுக்கக் கூடாது."

கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். எடை பார்க்காவிட்டால் பாதி அணிகள் கிளம்பிவிடும், ஊர் மானம் போய்விடும் என்றார்கள். ஒரு பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்றும் யாரோ சொன்னார்கள். அம்மா மெல்ல வந்து தராசின் ஓரத்தில் என் கால் பக்கமாக உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு யாரும் எங்களை இறங்கச் சொல்லவில்லை.

அணிகள் நிஜமாகவே கிளம்பிப் போயின, சில மட்டும் நின்றன. கோவிந்தன் பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்து சொம்பைத் தூக்கிக் குடித்தான். கழுத்தில் வழிய வழியக் குடித்தான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜெயித்தார்களா என்று கேட்பாய். முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். கோவிந்தனை மூன்று பேர் கட்டினார்கள். நீ சொன்ன மாதிரியே இழுத்துக்கொண்டு வந்தான். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது மூச்சு விட்டுவிட்டான். அடுத்துப் போன பிரபுவுக்குக் கால் வழுக்கியது. போதுமா? நம் சண்டையில் நீயும் ஜெயிக்கவில்லை, நானும் ஜெயிக்கவில்லை.

ஒன்று மட்டும் பார்த்தேன். அவுட் ஆனவர்கள் வரிசையாக உட்கார வேண்டும், முதலில் போனவன்தான் முதலில் உள்ளே வருவான், இல்லையா? முதலில் அவுட் ஆன கோவிந்தன் முதல் இடத்தை விட்டுவிட்டு இரண்டாவதாக உட்கார்ந்தான். நடுவர் தள்ளி உட்காரச் சொன்னார். அவன் தள்ளவில்லை. அந்தக் காலி இடத்தை நான் ஆட்டம் முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதோடு கடிதத்தை முடித்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. கோவிந்தன் மலைக்குப் போய்விட்டான். தண்டபாணி என்னோடு பேசுவதில்லை. பொங்கலுக்கு மணலூர்பேட்டையில் ஐம்பத்தைந்து கிலோ போட்டியாம். இந்த முறை சாப்பாட்டை நிறுத்தியிருப்பது பிரபு. அந்த ஓட்டக்காரப் பையனுக்கு உடம்பில் குறைக்க என்ன இருக்கிறது? அவன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். உன் தம்பி மாதிரி எல்லாரும் சாவாங்களா என்று கேட்டாள்.

எல்லாத் தராசிலும் என்னால் ஏறி நிற்க முடியாது, ஏழு. என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். பனி பெய்கிற காலைகளில் அந்த ரோட்டில் இப்போது ஒரு குடம் தண்ணீரோடு நடக்கிறேன். வழியில் எவன் விழுந்து கிடந்தாலும், குடித்தவனாகவே இருந்தாலும், ஒதுங்கிப் போக மாட்டேன். குனிந்து முகத்தைத் திருப்பிப் பார்ப்பேன். இது உனக்கு நான் செய்து கொடுக்கிற சத்தியம்.

நீ தள்ளிய தட்டை இன்னும் கையில் வைத்திருக்கிற
உன் அக்கா