அத்தான் காலுக்குத் தேன்

ஜூன் 3
நடந்த அத்தனையும் நான் அன்றே சொன்னதுதான். அத்தான் புதுச் செருப்பு வாங்கிய அன்றே, "இது கடிக்கும்" என்றேன். கடித்தது. கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் புண். சர்க்கரைக் கால், வலியே தெரியவில்லை மனிதருக்கு. சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது, இதயத்துக்கு வேறு மாத்திரை. மழைக்காலம் போய் வெயிலும் வந்தாயிற்று, புண் மட்டும் வாடகை இல்லாமல் குடியிருக்கிறது.

ஜூன் 5
அக்காவுக்கு வேலை, அதனால் ஆஸ்பத்திரிக்கு நான்தான் துணை. கட்டுப் போடும் நர்ஸுக்கு என் வயதில் பாதி இருக்கும். கண்ணாடி மாதிரி ஒரு தாளைப் புண்மேல் வைத்துப் பேனாவால் ஓரம் வரைந்தாள். சட்டை தைக்கப் போகிறாளா? அப்புறம் ஒரு டியூபைப் பிதுக்கினாள். என்ன அது என்றேன்.
"தேன் ஐயா. காயத்துக்குன்னே சுத்தம் பண்ணினது."
இத்தனை பெரிய கட்டடம், லிஃப்ட், டோக்கன், வரிசை. கடைசியில் ரொட்டிக்குத் தடவுவதைக் காலுக்குத் தடவுகிறார்கள்.
"சர்க்கரைக்காரருக்குத் தேனா?" என்று சத்தமாகவே கேட்டேன்.
"அவர் குடிக்கப் போறதில்லையே ஐயா."
வாய்க்கொழுப்பு. புண் காயக் கூடாதாம், ஈரமாகவே இருக்கணுமாம். முன்பாதி தரையில் படாத ஒரு செருப்பும் கொடுத்தாள். அத்தான் அதில் வாத்து நடக்கிறது மாதிரி நடக்கிறார்.

ஜூன் 6
அத்தானிடம் டிரைவர் கதையை எடுத்துவிட்டேன். கிடங்கில் என்னோடு வேலை பார்த்த லாரி டிரைவர். இதே சர்க்கரை, இதே இடத்தில் புண். கட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு, தினம் வெயிலில் காலை நீட்டினார். மரப்பட்டை மாதிரி பொருக்குக் கட்டியது. அடுத்த மாதம் அதே காலால் கிளட்சை மிதித்தார்.
"நிஜமாவா மச்சான்?"
"நான் என்னிக்குப் பொய் சொல்லியிருக்கேன்?"

ஜூன் 9
மொட்டைமாடியில் நாற்காலி போட்டாயிற்று. கட்டு குப்பையில். பொருக்கு கருகருவென்று வந்திருக்கிறது. படித்தவர்கள் வந்து பார்க்கட்டும்.

ஜூன் 13
நாற்றம். குளிர்காய்ச்சல்.

ஜூன் 14
நர்ஸ் பொருக்கைக் கத்தியால் தூக்கினாள். அடியில் சீழ். எலும்புக்குப் போனால் விரலை எடுக்கணும், ரத்த ஓட்டம் குறைவு, விரலோடு நிற்காமலும் போகலாம் என்றார் டாக்டர். யார் காயவைக்கச் சொன்னது என்று நர்ஸ் கேட்டாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை.

ஜூன் 16
அத்தான் வார்டில். ஊசி மருந்து ஏறுகிறது. ஆனால் தேன்கட்டுக்குக் காலைக் கொடுக்க மாட்டேன் என்கிறார். "பாதியில கெடுத்துட்டீங்க. இன்னும் கொஞ்சம் காய விட்டிருந்தா டிரைவர் கால் மாதிரி ஆறியிருக்கும்."
அக்கா என்னை வராந்தாவுக்கு இழுத்தாள். "உன் டிரைவரைக் கூட்டிட்டு வா. இல்லன்னா நீயே போய்ப் பேசு. நான் சொன்னா கேக்க மாட்டார், நீ சொன்னாதான்டா கேப்பார்."
என்னத்தைச் சொல்ல — அந்த ஆளை எங்கே போய்க் கூட்டி வர?

ஜூன் 17
சொல்லிவிட்டேன். அத்தான் நர்ஸ் பக்கம் காலை நீட்டினார்.

ஜூலை 22
விரல் தப்பியது. தாளில் வரைகிற வட்டம் ஒவ்வொரு தடவையும் சுருங்குகிறது. காலைப் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. "ஆடாமப் பிடிங்க ஐயா" என்று அந்த நர்ஸ் இன்னும் அதிகாரம் பண்ணுகிறாள். நான் பிடிக்கிற பிடியில்தான் புண் ஆறுகிறது என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.
அத்தானிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். டிரைவர் உண்மை. வெயிலில் காயவைத்ததும் உண்மை. கிளட்சை மிதித்தது மட்டும் நான் சேர்த்தது. அவருக்கு அந்தக் காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.