செம்பருந்து விழுந்த காட்சி

அடி அண்ணாமலை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் சரவணகுமாருக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. அதனால்தான் சென்னைக்குக் கிளம்பும் பக்கத்து வீட்டுப் பிரகாஷிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

காமிக்ஸில் வந்த செம்பருந்துக் கதையை டி.வி.க்குப் படமாக எடுக்கிறார்கள், செம்பருந்து வேஷம் எனக்குத்தான் என்று நீ சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதை டி.வி.யில் போட்டபோது வேங்கிக்காலிலிருந்து ரேவதி சித்தியையும் குடும்பத்தோடு வரவழைத்தேன். நீ வேலையை விட்டுப் போனதிலிருந்து உன் பேச்சையே எடுக்காத அப்பாகூட வாசற்படியில் நின்று பார்த்தார்.

ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் செம்பருந்து முகமூடியைக் கழற்றினான். உள்ளே வேறு யாரோ ஒரு பையன். “இன்னாக்கா, நம்ம சரவணனக் காணோம்?”னு சித்தி கேட்டாள். “வருவான், பாரு”ன்னேன். நீ வரவே இல்லை. யார் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை.

பறக்கும்போது கயிறு தெரிந்தது. ஒரு பக்க றெக்கை தொங்கியது. எல்லாரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் முகமூடி போட்டவன் மாடியிலிருந்து குதித்து, மூட்டை மாதிரித் தொப்பென்று விழுந்து, எழுந்து நடந்தான். என் அவமானத்தை மறைக்க நானும் சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

“சிரிக்காதீங்க! வுழுந்தது எம்புள்ள. அவன் நடை எனக்குத் தெரியாதா? கால நொண்டுறான் பாருங்க”ன்னு அப்பா கத்தினார். பார்த்தேன். நீதான். அது நடிப்பில்லை. மறுபடி எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

நீ பொய் சொல்லவில்லை, கண்ணு. முகம் காட்டுவதற்கு அந்தப் பையன், முகமூடி போட்டுக் குதித்து விழுவதற்கு நீ; வேஷம் உன்னுடையதுதான். பெற்றவள் எனக்குத்தான் அது தெரியவில்லை. நீ விழுந்ததைப் பார்த்துச் சிரித்த வாய் இது. சோறு இறங்கவில்லை.

வேலை இருக்கிறது என்று பொங்கலுக்கு வராமல் இருந்தாயே, இதனால்தானா? யார் பார்த்துக்கொண்டார்கள்? இன்னும் வலிக்கிறதா?

பௌர்ணமிக் கூட்டத்தில் பஸ் கிடைக்காது, அதற்கு முன்னால் வந்துவிடு. ஊர் பேசினால் பேசட்டும். நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு அப்பா, “பஸ் ஸ்டாண்டுலேர்ந்து அவன நடந்து வரவேணாம்னு எழுது. வண்டி எடுத்துனு நான் வரேன்”னு சொன்னார்.

அண்ணாமலையார் உன் கூடவே இருக்கட்டும். வந்துவிடு சாமி.

உன் அம்மா,
சந்திரகலா