பின்னால் வந்த தேங்காய் வண்டி

இன்று காலையும் உன் லாரிக் கண்ணாடியில்தான் சவரம் செய்தேன். ஓரத்தில் கீறல் விழுந்த, கொஞ்சம் குவிந்த கண்ணாடி. அதில் என் மூக்கு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். வண்டிக்குப் புதுக் கண்ணாடி மாட்டிய அன்று பழையதைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "சவரம் பண்ண வச்சுக்க மாப்ள. பின்னாடி யாரு வாராகன்னும் பாத்துக்கிறலாம்" என்றாய். அதற்கப்புறம் இரண்டு வீடு மாறிவிட்டேன். கண்ணாடியும் கூடவே வந்துவிட்டது. இன்று கன்னத்தில் சோப்பு நுரையோடு நின்றபோது, எனக்குப் பின்னால் கொடியில் காயும் வேட்டி, அதற்கும் பின்னால் தெரு, தெருவில் திரும்பிய ஆட்டோ எல்லாம் அதற்குள் வந்தன. உன் ஞாபகத்தில் சிரித்து, தாடையில் வெட்டிக்கொண்டேன்.

எழுபதுகளின் பின்பாதியில் நீ பட்டாளத்திலிருந்து வந்தாய். பதினைந்து வருடம் வடக்கே மலைப்பாதைகளில் ராணுவ லாரி ஓட்டிவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு மதுரை ஸ்டேஷனில் இறங்கினாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் நான் அழைக்க வந்திருந்தேன். அப்போது நான் பத்திரிகையில் ஊர் ஊராகச் சுற்றிச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

உன் மாமனார் அதற்குள் ஒரு வங்கியில் காவல் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். நிழலில் நிற்கும் வேலை, மரியாதையான வேலை என்பது அவர் கட்சி. நீ என்னிடம் வந்து புலம்பினாய்: "பதினஞ்சு வருசம் ஓடிக்கிட்டே இருந்தவனக் கொண்டுபோயி ஒரு கதவுக்கிட்ட நிறுத்தப் பாக்குறாரு மாப்ள. நின்னா எனக்குக் காலு மரத்துப்போகும்." உன் மனைவி எந்தப் பக்கமும் சேராமல் பதில் சொன்னாள்: "எனக்கு என்ன? பச்சை உடுப்பு போயிக் காக்கி வருது. ஓடுற காக்கியா, நிக்கிற காக்கியான்னு அவுகளே முடிவு பண்ணட்டும். தொவைக்கப் போறது நான்தான்."

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. செல்லூரில் மூன்று லாரி வைத்திருந்த ஒரு முதலாளி உன்னை ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அந்த மாதத்துக்குள் அவர் வேண்டாமென்றால், மறுநாளே நீ வங்கி வாசலில் நிற்க வேண்டும். மாமனார் நாள் எண்ணத் தொடங்கினார். முதலாளிக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. "சர்க்கார் வண்டி ஓட்டுன கையி. டயரு தேஞ்சா புதுசு வானத்துலருந்து விழும்னு நெனப்பாக" என்று உன் எதிரிலேயே சொன்னார். நீ விறைப்பாக நின்று "சரிங்க மொதலாளி" என்றாய்.

மூன்றாவது வாரம் பருத்தி விளைச்சலைப் பற்றி எழுத நான் பேரையூர் போயிருந்தேன். திரும்பப் பஸ் கிடைக்கவில்லை. அங்கே ஒரு பருத்தி அரவை ஆலையில் பஞ்சுப் பொதி ஏற்றிக்கொண்டு நின்றது உன் லாரி. ஏறிக்கொண்டேன். கிளீனர் சோணை நமக்கும் மூத்தவர். வண்டியிலேயே முடி நரைத்தவர். ஐந்து மணிக்கு மதுரையில் மில் கேட்டைச் சாத்திவிடுவார்கள் என்று ஏறும்போதே இரண்டு முறை சொன்னார்.

டி. கல்லுப்பட்டி தாண்டியதும் ஒன்றைக் கவனித்தேன். நீ முன்னால் பார்த்த அளவுக்குப் பின்னாலும் பார்த்துக்கொண்டிருந்தாய். கேட்டபோது சொன்னாய்: "கான்வாய்ல இதான் பழக்கம் மாப்ள. முன்னாடி போறவனப் பத்தி ஒனக்குக் கவலை இல்ல. பின்னாடி வாரவன்தான் ஒன் பொறுப்பு. கண்ணாடில அவன் தெரியலைன்னா நீ நிக்கணும். நீ நின்னா ஒனக்கு முன்னாடி போறவன் நிப்பான். அம்புட்டு வண்டியும் நின்னுரும்."

"இப்பப் பின்னாடி யாரு?"

"தேங்கா வண்டி ஒண்ணு. கல்லுப்பட்டிலருந்து வாரான்."

கொஞ்ச தூரம் போனதும் வண்டியை ஓரங்கட்டினாய். கண்ணாடியில் வெறும் ரோடுதான் இருந்தது. இரண்டு பக்கமும் கரிசல் காடு. வீடு இல்லை, கடை இல்லை.

"காணோம்" என்றாய்.

"டீ குடிக்க நின்னுருப்பான்" என்றேன்.

"இந்த வெயில்ல, இந்தக் காட்டுல, எவன் மாப்ள டீ குடிப்பான்? அச்சு முறிஞ்சிருந்தா?"

சோணை கெஞ்சினார். "பட்டாளத்தாரே, அவன் யாரோ, நம்ம யாரோ. மணி மூணே முக்கால்." நீ அதற்குள் வண்டியைத் திருப்பத் தொடங்கிவிட்டாய். பொதி ஏற்றிய லாரியை அந்தக் குறுகிய ரோட்டில் முன்னும் பின்னுமாக ஐந்து தடவை அசைத்துத் திருப்பியதை என்னால் மறக்க முடியாது.

வந்த வழியே கொஞ்ச தூரம் போனதும், பருத்தி எடுப்பவர்களுக்காக ஓர் அம்மாள் புளியமரத்தடியில் அடுப்பு மூட்டி டீ போட்டுக்கொண்டிருந்தார். தேங்காய் வண்டி நிழலில் நின்றது. டிரைவர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, டம்ளரில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். உன்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"என்னண்ணே, முன்னாடி ரோட்டுல எதும் மறியலா?"

"இல்லப்பா. ஒன்னையக் காணோம்னு வந்தேன்."

"என்னையவா? நீங்க யாருண்ணே?"

"முன்னாடி போன வண்டி."

அவர் என்னைப் பார்த்தார், சோணையைப் பார்த்தார். "சரி, எனக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

"நீ என் பின்னாடிதான வந்த?" என்று, அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல் சொன்னாய்.

டீ போட்ட அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தேங்காய் டிரைவர் சிரிக்கவில்லை. துண்டால் கல்லைத் தட்டிவிட்டு, "உக்காருங்கண்ணே, ஒரு டீயக் குடிங்க" என்றார். நீயும் உட்கார்ந்தாய். சோணை தலையில் கையை வைத்துக்கொண்டு லாரியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நல்ல டீ அது, இஞ்சி தட்டிப் போட்டது.

நாம் போய்ச் சேர்ந்தபோது மில் கேட் சாத்தியிருந்தது. பொதிகளோடு வண்டி செல்லூர் லாரி செட்டுக்குத் திரும்பியது. முதலாளி சத்தம் போடவில்லை. "இது பட்டாளம் இல்லப்பா. காலைல வந்து சாவியக் குடுத்துட்டுப் போ" என்றார்.

உனக்காகப் பேசலாம் என்று மறுநாள் காலையில் நானும் வந்தேன். சலவைச் சட்டை போட்டு, சாவியைத் துண்டால் துடைத்து எடுத்துக்கொண்டாய். வழியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாய்: "ஒரு ஸ்டூல் போட்டுக்கிற விடுவாகளா மாப்ள?" வங்கி வாசலைத்தான் கேட்கிறாய் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

செட்டில் நாலைந்து பேர் நின்றார்கள். தேங்காய் டிரைவர் முந்தின நாள் சாயங்காலம் மதுரையில் சுமை இறக்கும்போது இந்தக் கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறார். கதை விடிவதற்குள் செல்லூர் வந்துவிட்டது. சிரித்தவர்களில் இரண்டு டிரைவர்கள்தான் வாசலில் நின்று, "பட்டாளத்தார் இன்னைக்கு எப்பக் கெளம்புறாரு? அவுகளுக்குப் பின்னாடி போயிக்கிறலாம்னு" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ரோட்டில் வண்டி படுத்துவிட்டால் ஒரு பகல் முழுக்க ஆள் வராது என்பது அவர்களுக்குத் தெரியும். அடுத்த செட் முதலாளியும் வந்திருந்தார். அதற்கு முந்தின மாதம் அவருடைய லாரி அங்கேதான் நின்றுபோனது. கடந்து போன ஒருவரும் நிறுத்தவில்லை.

"நீங்க அந்த ஆள அனுப்புறதா இருந்தா எங்கிட்ட அனுப்பிவிடுங்க" என்றார் அவர்.

உன் முதலாளி நீ நீட்டிய சாவியை வாங்கினார். அடுத்த செட்காரர் முகத்தைப் பார்த்தார். சாவியை உன் சட்டைப் பையில் தானே போட்டார். "எவன் சொன்னது அனுப்புறேன்னு? பொதிய எறக்கிட்டு வாய்யா."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "தேடிப் போன, சரி. டீ எதுக்கய்யா குடிச்ச?"

"கூப்பிட்டாக, மொதலாளி."

செட் முழுக்கச் சிரித்தது. முதலாளியும்தான். சோணை எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

எண்பதுகளின் கடைசி வரை அந்த ரோட்டில் ஓட்டினாய். ஒருநாள் திருமங்கலத்தில் டீக்கடை வாசலில் நின்று எண்ணினேன்: உனக்குப் பின்னால் ஏழு வண்டிகள், ஒன்றுக்கொன்று அளந்து வைத்த இடைவெளியில். உன் பக்கத்தில் உன் மாமனார், துண்டைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தவர் அவர்தான். தேங்காய் வண்டிக் கதையைச் செய்தியாக எழுதித் தர, அது நடந்த புதிதிலேயே முயன்றேன். "ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகலையேப்பா, இதுல என்ன செய்தி?" என்று எங்கள் ஆசிரியர் திருப்பிக் கொடுத்தார்.

நீ போய் மூன்று வருடம். எனக்கு உன் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. தினமும் காலையில் நாங்கள் நான்கு பேர் நடக்கப் போவோம். சகா ஒருவருக்கு முழங்கால் வலி; மெதுவாகத்தான் வருவார். போன வாரம் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். மற்றவர்கள் முனகினார்கள். திரும்பி நடந்து போனேன். ஒரு மரத்தடியில் வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டிருந்தார். எனக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தார்.

இப்போது நீ முன்னால் போய்விட்டாய். உன்னை எனக்குத் தெரியும். எங்கோ ஓரங்கட்டி நிறுத்தி, கண்ணாடியைப் பார்த்து, "காணோம்" என்று சொல்லிக்கொண்டிருப்பாய். வண்டியைத் திருப்பிவிடாதே மாப்ள. அச்சு ஒன்றும் முறியவில்லை. நான் டீதான் குடித்துக்கொண்டிருக்கிறேன்.